அம்மைத் தழும்பு முகம் கதாநாயகன் ஆன கதை தெரியுமா?

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தமிழ் சினிமாவில் ஓர் அதிசயம் நடந்தது, தெரியுமா? முகமெங்கும் அம்மைத் தழும்பு, காற்றடித்தால் பறந்துவிடுவாரோ என்று அஞ்சவைக்கும் உடம்பு. அப்படிப்பட்ட ஒருவரைக் கதாநாயகனாக்கி ஏவி.எம். நிறுவனம் படம் எடுத்தது. சிவந்த, களையான முத்துராமன் கூடவே இருக்கிறார். ஆனால் கதை முத்துராமனுடையது இல்லை. கை நிறையக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு ஓட்டலில் ஓடியாடும் சர்வருடையது. படம் 'சர்வர் சுந்தரம்'. அந்த ஒல்லி மனிதர் நாகேஷ்!

அந்தப் படத்தை இயக்கியவர்கள் யார் தெரியுமா? கிருஷ்ணன்-பஞ்சு. 12 ஆண்டுகளுக்கு முன்னால் 'பராசக்தி' எடுத்த அதே இரட்டையர்! அந்தப் படத்தில் புதுமுகமாக வந்த சிவாஜி கணேசனைப் பார்த்து, ஆள் ரொம்ப மெலிவு, மாற்றிவிடலாம் என்று ஏவி.எம். தரப்பில் சொன்னார்கள். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் அவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சிவாஜி உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தபின் முதலில் எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். ஆக, உடம்பை வைத்து ஒரு நடிகனை எடைபோடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று கண்ணெதிரே பார்த்த இயக்குநர்களின் கையில்தான் நாகேஷ் போய்ச் சேர்ந்தார். இது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது. இன்னொன்று தெரியுமா? அந்த இரட்டையரில் பஞ்சு, 'பஞ்சாபி' என்ற பெயரில் படத்தொகுப்பும் செய்தவர். எந்த அசைவு திரையில் நிற்கும், எது கத்தரிக்குப் போகும் என்று அறிந்த கண் அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் நடித்துப் பழகுவது ஒரு நடிகனுக்கு எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம்!

அந்தத் தழும்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975இல்தான். அப்படியானால் 1960களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்த கூட்டத்தில் எத்தனை தழும்பு முகங்கள் இருந்திருக்கும்! தெருவில் இருந்த அந்த முகம், வீட்டில் இருந்த அந்த முகம், திரையில் மட்டும் இல்லை. இருந்தாலும் வில்லனின் அடியாளாகவோ கேலிக்கு ஆளாகிறவனாகவோதான் இருக்கும். காதலிக்க, கனவு காண, ஜெயிக்க அதற்கு அனுமதி கிடையாது. அந்த வேலியைத்தான் நாகேஷ் தாண்டினார்.

தாராபுரத்தில் 1933இல் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஊழியர்கள் போட்ட நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரனாக வந்துபோகும் துக்கடா வேடம் அவருக்குக் கிடைத்தது. யாராயிருந்தாலும் நாலு வசனம் சொல்லிவிட்டு இறங்கிப்போகும் வேடம். நாகேஷ் அந்த வலியில் துடித்த துடிப்பில் அரங்கமே அதிர்ந்தது. தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர்.! மேடையேறிப் பேசியவர், வயிற்றுவலிக்காரரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். வேடத்தின் நீளத்தைப் பார்க்காதே, கிடைத்த நிமிடத்தில் முழுசாய் நில் என்கிற பாடம் நாகேஷுக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கடைசிவரை அவர் அதை விடவே இல்லை. பின்னால் பாருங்கள், ஒரு பிணத்தைக்கூட எப்படி நடித்தார் என்று சொல்கிறேன்.

'சர்வர் சுந்தரம்' முதலில் மேடை நாடகம். எழுதியவர் கே. பாலசந்தர். அப்போது அவர் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்! பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. அந்தக் கால அமெச்சூர் நாடகக் குழுக்களின் வாழ்க்கையே இதுதான். மேடையில் ரீடேக் கிடையாது. கூட நடிப்பவர் வசனத்தை மறந்தால் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வார்த்தையைத் தொண்டையில் நிறுத்திவைக்க வேண்டும். சினிமாவில் ஃபிலிம் சுருள் அடிக்கணக்கில் காசு. ஒத்திகை பார்த்துத் தேறிவந்த நடிகர் தயாரிப்பாளருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! நாகேஷ் ஒரே நாளில் இரண்டு மூன்று ஸ்டூடியோக்களுக்கு ஓடி ஓடி நடிக்க முடிந்ததற்கு இந்த மேடைப் பயிற்சியே காரணம் என்பது என் துணிபு.

'சர்வர் சுந்தர'த்தில் இன்னொரு நெகிழ்ச்சி ஒளிந்திருக்கிறது. பாடல் பதிவுக்கூடத்தையே திரையில் காட்டி, எம்.எஸ். விஸ்வநாதனையும் டி.எம். சௌந்தரராஜனையும் நேரில் நிறுத்திய 'அவளுக்கென்ன' பாடலை எழுதியவர் யார் தெரியுமா? வாலி! தியாகராய நகரில் வாய்ப்புக்காக அலைந்த காலத்தில் நாகேஷோடு பசியையும் அறையையும் பகிர்ந்துகொண்ட அதே வாலி. ஒரே அறையில் கிடந்த இருவரில் ஒருவர் எழுத, இன்னொருவர் ஆடினார்! படத்தின் உருக்கமான முடிச்சும் சினிமாத் தொழிலைப் பற்றியதுதான். நடிகனாகி உயர்ந்துவிட்ட சுந்தரம் படப்பிடிப்பில் இருக்கும்போது வீட்டில் அவன் அம்மாவின் உயிர் பிரிகிறது. அம்மாவாக எஸ்.என். லட்சுமி. சிரிக்கவைக்கும் தொழிலில் இருப்பவன் அழ நேரம் கிடைக்காமல் தவிக்கும் அந்தக் கட்டம் வந்தபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அதே 1964இல் இன்னொரு வெடிச்சிரிப்பு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்தும் செல்லப்பா, தன் அப்பாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் உண்டா? கதவு சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்பிக்கொண்டு நாகேஷ் அமர்க்களம் பண்ணுகிறார். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷைப் பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவைப் பாருங்கள்! அவர் 1936இல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தவர். எம்.ஜி.ஆரும் அறிமுகமானது அதே படத்தில்தான். 28 வருஷ அனுபவம் உள்ள அந்தப் பெரியவர் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ஏற்றிக்கொண்டே போகிறார். கேட்பவர் சரியாகக் கேட்டால்தான் சொல்பவரின் கதை பலிக்கும். நகைச்சுவையில் பாதி, கேட்பவரின் முகத்தில் இருக்கிறது! நேரில் அதைப் பார்த்த நாகேஷ், பிற்காலத்தில் தாமே அப்படிப்பட்ட 'கேட்பவர்' ஆனார்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் 1965இல் காத்திருந்தது. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டு, பாட்டு எழுதத் தெரியாமல் கோயிலில் நின்று புலம்பும் ஏழைப் புலவன் தருமி. இறைவனாக எதிரே நிற்பது சிவாஜி கணேசன்! வேறு யாராக இருந்தாலும் அந்த உருவத்தின் முன் கரைந்துபோயிருப்பார்கள். நாகேஷ் கரையவில்லை. கூனிக் குறுகி, எகிறிக் குதித்து, இறைவனையே கேள்வி கேட்டு, அடுத்த நொடி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அந்தத் தனிமைப் புலம்பலுக்கு, மயிலாப்பூர்க் கோயில் பக்கம் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒருவரைப் பார்த்து வைத்திருந்தது கைகொடுத்தது என்று சொல்வார்கள். சிவாஜி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, இதில் ஓர் அடியைக்கூட வெட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும் திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒரு மாபெரும் நடிகர் எதிரே இருப்பவரின் வெற்றிக்கு இடம்விட்டு நிற்பதும் தொழில்தர்மம்தானே!

சரி, அந்தப் படத்தில் நக்கீரர் யார் தெரியுமா? இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான்! சொக்கனிடமே குற்றம் கண்டுபிடிக்கும் புலவராகத் தாமே வேடம் கட்டிக்கொண்டு நின்றார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சிறுவயதிலேயே சேர்ந்து, பெண் வேடங்கள் போட்டு வளர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை என்றால் சும்மாவா? விடியலில் எழுந்து பாட்டு, பாடம், உச்சரிப்பு. தன் பாகம் மட்டும் தெரிந்தால் போதாது, அடுத்தவர் பாகமும் நாக்கில் இருக்கவேண்டும். அப்படி வளர்ந்த இயக்குநரின் செந்தமிழ் வசனத்தை, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாகேஷ் ஒரு சொல் பிசகாமல், மூச்சு வாங்காமல் பொழிந்தார்! தமிழ்ப் புலவன் என்றாலே நம் மனக்கண்ணில் முதலில் வந்து நிற்பது அவருடைய தருமிதான்.

இன்னும் கேளுங்கள். 1968இல் அதே நாகராஜன் 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்தார். கொத்தமங்கலம் சுப்புவின் புகழ்பெற்ற நாவல். அதில் நாகேஷ் சவடால் வைத்தி. காசுக்காக எந்தப் பெண்ணையும் யாருக்கும் விலைபேசத் துணிந்த தரகன். அதே 1968 முடிவதற்குள் பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' வந்தது. அதில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் சோற்றில் படிக்கும் அநாதை மாது. வைத்தியைப் பார்த்தால் ஓங்கி அறையத் தோன்றும். மாதுவைப் பார்த்தால் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடத் தோன்றும். இரண்டும் ஒரே முகம், ஒரே வருஷம்! ஒருவருக்கு ஒரு முத்திரை குத்திவிட்டால் அதோடு முடிந்தது என்று நம்பிய சினிமாவுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

நகைச்சுவை நடிகரை நம்பி அழுகைக் கதை எடுப்பார்களா? எடுத்தார்கள், தெரியுமா! பாலசந்தர் இயக்கிய முதல் படம் 'நீர்க்குமிழி'. ஆண்டு 1965. ஆஸ்பத்திரி வார்டு முழுவதையும் சிரிக்கவைக்கும் சேதுவாக நாகேஷ். ஆனால் சேது ஒரு புற்றுநோயாளி. புதிய இயக்குநர் தம் முதல் படத்தை ஒப்படைத்தது பெரிய நட்சத்திரத்திடம் அல்ல, இவரிடம்!

இதைவிடவும் என்னை வியக்கவைப்பது 'யாருக்காக அழுதான்'. எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய படம், 1966. விடுதியில் வேலை செய்யும் திருட்டுமுழி ஜோசப், செய்யாத திருட்டுக்குப் பழி சுமக்கிறான். பேர் பாருங்கள், திருட்டுமுழி! ஆளின் முழியை வைத்தே அவன் திருடன் என்று தீர்மானித்துவிடுகிற உலகம் அது. வாயாடி என்று பேரெடுத்த நாகேஷ் அங்கே வாயை மூடிக்கொண்டார். எதிர்த்துப் பேசத் தெரியாத, பழியை விழுங்கிக்கொள்கிற ஒரு ஜீவனாகவே மாறிப்போனார். ஜெயகாந்தன் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்பது ஊரறிந்தது. அவர் தம் ஜோசப்பாக நாகேஷைத் தேர்ந்தெடுத்ததே ஒரு விருது. முகத்தைப் பார்த்து மனிதனை முடிவுகட்டுவதைப் பற்றிய கதையில், முகத்துக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கக் கூடிய நடிகர் கதாநாயகன்! இப்படிப் பொருந்திவருவது சினிமாவில் எத்தனை முறை நடந்திருக்கிறது?

1966இல் வந்த 'மேஜர் சந்திரகாந்த்' இன்னொரு புதையல். தங்கையைக் கெடுத்தவனைக் கொன்றுவிட்டு, கண் தெரியாத மேஜர் ஒருவரின் வீட்டில் ஒளிந்துகொள்ளும் அண்ணனாக நாகேஷ். தங்கை யார் தெரியுமா? ஜெயலலிதா! மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு 'மேஜர்' என்பது ஆயுள் முழுக்கப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அத்தோடு முடிந்ததா? நாகேஷின் கையால் சாகும் அந்தப் பாத்திரத்தின் பெயர் ரஜினிகாந்த்! நடித்தவர் ஏவி.எம். ராஜன். சிவாஜி ராவ் என்ற இளைஞருக்குத் திரைப்பெயர் தேடியபோது பாலசந்தர் எடுத்துக்கொடுத்தது இந்தப் பெயரைத்தான். அந்த இளைஞர் அறிமுகமான 'அபூர்வ ராகங்கள்' படத்திலும் நாகேஷ் இருக்கிறார். மதுக்கோப்பையைச் சுவரில் விழும் தன் நிழலோடு மோதிக் குடிக்கும் அந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அவர்தான்!

வடக்கே ஒரு செய்தி. 'காதலிக்க நேரமில்லை' இந்தியில் 'ப்யார் கியே ஜா' ஆனது. 'சர்வர் சுந்தரம்' 'மெய்ன் சுந்தர் ஹூன்' ஆனது. 'எதிர்நீச்சல்' 'லாக்கோன் மே ஏக்' ஆனது. மூன்றிலும் நாகேஷ் செய்த வேடத்தைச் செய்தவர் ஒரே ஆள், மெஹ்மூத்! இந்தித் திரையின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகர், தாராபுரத்துக்காரரின் பாதையில் மூன்று முறை நடந்தார்.

காலம் மாறியது. புதிய முகங்கள் வந்தன, நாயக வேடங்கள் போயின. ஒரு காலத்தில் தேதி கிடைக்காமல் தயாரிப்பாளர்கள் காத்துக்கிடந்த நடிகர் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கமல்ஹாசன் தமது 'அபூர்வ சகோதரர்கள்' படத்துக்கு அவரை அழைத்தார். 1989, இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ். வேடமோ, அப்பாவைக் கொன்று அம்மாவுக்கு நஞ்சு கொடுக்கும் கொடிய வில்லன் தர்மராஜ்! நாகேஷைப் பார்த்தாலே சிரித்துப் பழகிய ஊர் அன்றைக்கு உறைந்துபோனது.

அப்புறம் வந்தது அந்தப் பிணம். 'மகளிர் மட்டும்', 1994, அதே சிங்கீதம். ஆஸ்பத்திரியிலிருந்து தவறுதலாகத் தூக்கிவரப்படும் சடலமாக நாகேஷ். வசனம் கிடையாது. இமைக்கக் கூடாது. மூச்சு தெரியக் கூடாது. தூக்குகிறார்கள், உட்காரவைக்கிறார்கள், சாய்கிறார், சரிகிறார். உடம்பைத் தளர்த்திப் போட்டு, எடையை மட்டும் சரியான பக்கம் விழவைக்கிறார். அது எவ்வளவு கடினம் என்று நடனம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்! 60 வயதில், புகழின் உச்சியைப் பார்த்து வந்தவர், பிண வேடமா என்று முகம் சுளிக்கவில்லை. ரயில்வே நாடகத்து வயிற்றுவலிக்காரனுக்குக் கொடுத்த அதே உழைப்பை இந்தச் சடலத்துக்கும் கொடுத்தார். நடிப்புப் பயிலும் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வேன் என்றால் முதலில் இந்தப் பிணத்தைத்தான் சொல்வேன்.

அதே 1994இல் 'நம்மவர்'. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன், மலையாளத்தின் மூத்த மேதை. சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் தமிழுக்கு வாங்கித் தந்த 'மறுபக்க'த்தை எடுத்தவர் அவர்தான், தெரியுமா? அவர் நாகேஷிடமிருந்து அசைவுகளை எல்லாம் கழற்றிவிட்டார். துள்ளல் இல்லை, கோணங்கித்தனம் இல்லை. தற்கொலை செய்துகொண்ட மகளின் தந்தையாக, பேராசிரியர் பிரபாகர் ராவாக, உடைந்துபோன ஒரு மனிதர் நிற்கிறார். 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டைச் சிரிக்கவைத்தவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது அந்த அழுகைக்காக! அவர் பெற்ற ஒரே தேசிய விருது அதுதான்.

2008இல் 'தசாவதாரம்' வரை நடித்தார். 2009 ஜனவரி 31இல் மறைந்தார். பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. இதை எழுதும்போது கோபமாகவே வருகிறது. கிருஷ்ணன்-பஞ்சு, ஸ்ரீதர், ஏ.பி. நாகராஜன், பாலசந்தர், ஜெயகாந்தன், சிங்கீதம், சேதுமாதவன் என ஒருவருக்கொருவர் ஒட்டாத ஏழு விதமான படைப்பாளிகளிடம் போய், ஒவ்வொருவருக்கும் புதிய ஆளாக நின்ற இன்னொரு நடிகரை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்!

வாசகர்களே, தருமியின் துண்டுக் காட்சி உங்கள் செல்போனுக்கு நூறு தடவை வந்திருக்கும். அடுத்த தடவை வரும்போது சிரித்துவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து 'நம்மவர்' படத்தை முழுசாகப் பாருங்கள்.